எந்த நரம்பு?

"குறை நினையாதேங்கோ மச்சாள்" என்று சிவமலர் கதையைத் தொடங்கினால், கேட்கிறவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பூரணத்துக்கு இது நன்றாகத் தெரியும். சிவமலர் அவளுடைய கணவனின் தங்கை. கல்யாணமாகிக் கொக்குவிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய குரல். ஆனாலும் அன்று காலை முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கையோடு போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். வைத்த பிறகு எடுக்க முடியாது.

"உங்கடை மருமேளா வரப்போற பிள்ளையைப் போன சனிக்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரியிலை கண்டனான். நான் எங்கடை இவருக்கு ரத்தத்திலை சீனி பாக்கக் கூட்டிக்கொண்டு போனனான்."

"காய்ச்சலாக்கும்."

"காய்ச்சலெண்டால் நான் ஏன் மச்சாள் உங்களுக்குப் போன் எடுக்கிறன்? நரம்பு டொக்டரின்ரை அறைக்கு முன்னாலை, நம்பர் துண்டும் கையுமா இருந்தவள். என்னைக் கண்டோடனை முகத்தைத் திருப்பிப்போட்டாள். பக்கத்திலை இருந்த மனிசியிட்டை மெல்ல விசாரிச்சன். காலிலை நரம்பைச் சுடப்போகினமாம்."

"சுடுறதோ?"

"ஓம், சுடுறதுதானாம். சும்மா வருத்தத்துக்குச் சுடுவினமே? நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். பொன்னுருக்க முன்னம் வடிவா விசாரியுங்கோ. உருக்கினாப்பிறகு விசாரிச்சு என்ன பலன்?"

கல்யாணப் பேச்சில் "நரம்பு வருத்தம்" என்று ஒரு சொல் விழுந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. வலிப்பு என்று ஒருவர் நினைப்பார், கைகால் நடுக்கம் என்று இன்னொருவர் நினைப்பார், தலைக்குள்ளே ஏதோ என்று மூன்றாமவர் விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். யாரும் பிறகு வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். சம்பந்தம் தானாகக் கலையும். பொன்னுருக்கு மட்டும் நடந்துவிட்டால் கதை வேறு. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்கென்று நல்ல நேரம் பார்த்துப் பொன்னை உருக்கிய பிறகு, கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குமேல் பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. அந்தப் பொன்னுருக்குக்கு நாள் வைத்தாகிவிட்டது, அடுத்த மாதம்.

பூரணம் முருங்கையிலையை அப்படியே சட்டியில் போட்டாள்.

சாப்பிட உட்கார்ந்த சண்முகநாதன் முருங்கையிலை வறையை விரலால் கிளறிப் பார்த்தார். "இதென்ன, காம்பெல்லாம் கிடக்கு?"

"இஞ்சருங்கோ, நரம்பு வருத்தமெண்டால் என்ன?"

"ஆருக்கு?"

அவள் சொன்னாள். சண்முகநாதன் காம்புகளை ஒவ்வொன்றாகக் சாப்பாட்டுக் கோப்பை விளிம்பில் அடுக்கினார். அவர் ஆறுதலான மனிதர். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் செருப்பைத் தேடுவார்.

"அந்தப் பிள்ளையிட்டையே கேட்டுப் பாருமன்."

"கேக்கிறதோ? கேட்டால், பிள்ளையிலை சந்தேகப்பட்டதெண்டு சம்பந்தி வீட்டுக்காரர் கோவிப்பினம். கேக்காமல் விட்டால் நாளைக்கு நாங்கள்தான் அழவேணும்."

"அப்ப பேசாமல் இரும்."

பேசாமல் இருப்பதுதான் அந்த வீட்டின் பிரச்சினையே. சண்முகநாதன் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். மகன் மயூரதன் கிளிநொச்சியில் வங்கியில் வேலை. வாரமுடிவில் வருவான், சாப்பிடுவான், "ஓ" என்பான், திங்கட்கிழமை விடிய ரயில் ஏறிவிடுவான். கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராக நின்ற காலத்தில் பூரணத்துக்குப் பேச ஒரு ஊரே இருந்தது. பென்சன் எடுத்தபிறகு மதிலுக்குள்ளே இரண்டு ஊமைகளோடு அவள் தனியே கிடந்து காய்ந்தாள்.

அப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோது வந்தவள்தான் தர்சினி. வட்டுக்கோட்டைப் பெண், சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். அதற்கு முன் பார்த்த பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தவர்கள். நிலம் அவர்களைக் கட்டிக்கொண்டால் ஆச்சரியமில்லை. இவள் பூசை முடிந்து அன்னதானப் பந்தியில் பூரணத்தின் பக்கத்திலே வந்து இருந்தாள். பாதிச் சாப்பாட்டில் மெல்லச் சாய்ந்து, "மாமி, உங்களுக்கு அந்த வாழைக்காய்க் கறி வேண்டாமெண்டால் நான் எடுக்கட்டே?" என்று கேட்டாள்.

பூரணம் கறியைக் கொடுத்தாள். கூடவே மகனையும் கொடுத்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். திரும்பி வருகிற வழியிலேயே "இந்தப் பிள்ளைதான்" என்று அறிவித்தாகிவிட்டது.

அதன்பிறகு அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் தர்சினி போன் எடுப்பாள். மாப்பிள்ளைக்கு இல்லை, மாமிக்கு. எந்தப் பிள்ளை யாரைக் கடித்தது, எந்தத் தாய் வந்து சண்டை பிடித்தாள், அதிபர் எப்படி இருமினார் என்று எல்லாம் நடித்துக் காட்டுவாள். பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டுக்கு வருமுன்பே அந்தப் பிள்ளையின் குரல் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

அன்று பின்னேரமும் போன் அடித்தது. பூரணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓய்ந்தது. மறுநாளும் எடுக்கவில்லை. பிள்ளையை அல்ல, தன்னைத்தானே தண்டிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

கவலை வந்தால் அவளுக்குக் கால் உளைவும் கூட வரும். பின்னேரமானால் இரண்டு காலும் ஈயக்குண்டு கட்டிய மாதிரிக் கனக்கும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலைக் கதிரையில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்ப்பாள். காலின் பின்பக்கம் கயிறு சுருண்டதுபோல நீலமாகப் புடைத்துக் கிடக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, இரவில் சொறியச் சொல்லிக் கடிக்கும். சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்து நின்ற காலத்தில் தொடங்கியது. அதற்கு அவள் வைத்த பெயர் உளைவு. உளைவுக்கு யாராவது டொக்டரிடம் போவார்களா? போனாலும் சேலையைத் தூக்கிக் காட்டுவதா? குதிக்கால் மறையச் சேலை கட்டி, சண்முகநாதனைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நரம்பு டொக்டர் கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில்தான் வருகிறாராம், சிவமலர் சொல்லியிருந்தாள்; அன்றைக்குச் சனிக்கிழமை. நேரே போவது, தன் கண்ணாலே பார்ப்பது, டொக்டரிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்து வாயைக் கிண்டுவது. சங்கக்கடையில் யார் எவ்வளவு மண்ணெண்ணெய் பதுக்கினார்கள் என்று கதை கேட்டே கண்டுபிடித்தவளுக்கு இது ஒரு வேலையா?

"கூறைச் சேலைக்குச் சட்டைத்துணி பாத்திட்டு வாறன்" என்று சண்முகநாதனிடம் சொன்னாள்.

"கூறையே இன்னும் எடுக்கேல்லையே" என்றார் அவர்.

அதற்குள் அவள் ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் முன் மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நரம்பு டொக்டரைப் பாக்கவேணும்" என்றாள் பூரணம், குரலைத் தாழ்த்தி.

"எந்த நரம்பம்மா? மூளை நரம்போ, கால் நரம்போ?"

பூரணம் திகைத்தாள். நரம்பில் இரண்டு சாதி இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். "ஏன், ரெண்டுக்கும் வேறை வேறை ஆளோ?"

"ஓம். மூளை நரம்பு டொக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். இண்டைக்கு நிக்கிறது கால் நரம்பு."

"சுடுறது…?"

"லேசரோ? மாடியிலை, வலப்பக்கம்."

மாடியில் நீளமான வாங்கில் சனம் இருந்தது. பூரணம் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக அளந்தாள். யாருக்காவது கை நடுங்குகிறதா? வாய் கோணியிருக்கிறதா? ஒருவருமில்லை. கொக்குவில் சந்தியில் சலூன் வைத்திருக்கும் மனிதர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மொத்தமான ஒரு பொலிஸ்காரர் தொடையில் தாளம் போட்டார். ஒரு மீன்காரப் பெண்மணி நேர்ஸிடம் உரத்த குரலில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுவதும் நின்று பிழைக்கிற சனமாக இருந்ததே தவிர, தலை பிசகிய ஆள் என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை.

அப்போது அறைக் கதவு திறந்து தர்சினி வெளியே வந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எப்போதும் சிரிப்புக்குத் தயாராக இருக்கிற அந்த முகம் அப்படியே இறங்கிப்போனது. "மாமி…" என்றாள். பள்ளிக்கூடத்தில் களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளைபோல நின்றாள்.

உளவு பார்க்க வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? பூரணத்தின் வாய் தன்பாட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது.

"நான் என்ரை காலுக்கு வந்தனான் பிள்ளை."

"உங்கடை காலுக்கோ? எனக்குச் சொல்லவேயில்லையே."

"நீர் மட்டும் எனக்குச் சொன்னனீரோ?"

தர்சினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லப் பயமாக் கிடந்தது மாமி. இடது காலிலை நரம்பு சுருண்டுபோய்க் கிடக்கு. நாள் முழுக்க வகுப்பிலை நிக்கிறதெல்லே. பின்னேரம் நோ தாங்கேலாது. பிறகு கல்யாணத்திலை அம்மி மிதிக்கேக்கை, மெட்டி போடேக்கை எல்லாரும் காலைத்தானே பாப்பினம்? அதுக்கு முன்னம் செய்திடுவமெண்டுதான் வந்தனான். அம்மாதான் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவா. நரம்பெண்டு சொன்னால் சனம் வேறை மாதிரி விளங்கிப்போடுமாம்."

"வேறை மாதிரியெண்டால்?"

தர்சினி விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"சீச்சீ" என்றாள் பூரணம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "ஆர் அப்பிடி நினைக்கப்போகினம்?"

"உங்கடை மகனுக்கு அப்பவே சொல்லிப்போட்டன்."

"அவன் என்ன சொன்னவன்?"

"‘ஓ’ எண்டவர்."

பெற்ற தாய்க்கு இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் நெருப்பு எரிந்திருக்காது. பூரணம் பல்லைக் கடித்தாள். ஆனால் மகனைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. தர்சினிக்குள்ளே இருந்த ரீச்சர் எழும்பிவிட்டாள். நேர்ஸிடம் போய் மாமிக்கு நம்பர் எடுத்தாள், பெயர் கொடுத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பயப்பிடாதேங்கோ மாமி, நான் உள்ளை வாறன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்யிலிருந்து இறங்கி ஓட ஒரு வழியும் இருக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் பூரணம் ஆட்டுக்குட்டிபோல உள்ளே போனாள்.

டொக்டர் இளந்தாரி. கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இந்தப் படியிலை ஏறி நில்லுங்கோ அம்மா. முழங்கால்மட்டும் சேலையைத் தூக்குங்கோ" என்றார்.

பூரணத்தின் கை சேலையைப் பிடித்ததே தவிர, தூக்கவில்லை. டொக்டருக்குக் காட்டுவது ஒரு பக்கம். மருமகளாக வரப்போகிறவளுக்கு முன்னால் காட்டுவது அதைவிட மோசம். வெட்கத்தில் காது சுட்டது. தர்சினி ஒன்றும் சொல்லாமல் குந்தி இருந்து, சேலையின் கொய்யக மடிப்பைக் குலையாமல் சேர்த்துப் பிடித்து மெல்ல உயர்த்தினாள்.

தர்சினி நிமிர்ந்து பார்த்தபோது கண் நிறைந்திருந்தது.

"மாமி, இந்தக் காலோடையோ சந்நிதியிலை அவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

அந்தக் கால்களைப் பார்த்து இதுவரை ஒருவரும் கவலைப்பட்டதில்லை. பூரணம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் காலில் குளிர்ந்த ஜெலியைப் பூசி ஸ்கான் கருவியை வைத்தார். கெண்டைக்காலை ஒருமுறை அழுத்தினார். பெட்டிக்குள்ளிருந்து காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கையை விட்டதும் இன்னொரு சத்தம், நீளமாக.

"முதல் சத்தம், ரத்தம் மேலை போறது. ரெண்டாவது, போன ரத்தம் திரும்பிக் கீழை வாறது. அது வரக்கூடாது. உள்ளுக்குச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு, ஒரு பக்கம்தான் திறக்கும். உங்கடை கதவுகள் பழுதாப் போச்சு. அதாலை ரத்தம் காலிலையே தேங்கி நிக்குது. தோல் கறுக்கத் தொடங்கீட்டுது. இப்பிடியே விட்டால் புண் வரும். வந்தால் லேசிலை மாறாது."

"வெட்டவேணுமோ?"

"வெட்டுறேல்லை. விறைக்க ஊசி போட்டு, இந்த இடத்திலை ஒரு சின்ன ஓட்டையாலை மெல்லிய வயர் ஒண்டை விடுவம். அந்தச் சூட்டிலை பழுதான நரம்பு உள்ளுக்கையே சுருங்கி மூடிப்போம். ரத்தம் உள்ளுக்கு இருக்கிற நல்ல நரம்பாலை போகும். நடந்து வாறீங்கள், நடந்து வீட்டை போறீங்கள்."

"நரம்பைச் சுட்டால் கால் செத்துப்போகாதோ டொக்டர்? உணர்ச்சி?"

டொக்டர் சிரித்தார். "இது உணர்ச்சி நரம்பில்லை அம்மா, ரத்தம் போற குழாய். நாளமெண்டுதான் சொல்லவேணும். நாளமெண்டு சொன்னால் ஒருத்தருக்கும் விளங்குதில்லை. நரம்பெண்டு சொன்னால் எல்லாருக்கும் பிழையா விளங்குது. நான் என்ன செய்ய?"

பூரணத்தின் நெஞ்சிலிருந்து மூன்று நாள் பாரம் தடாலென்று இறங்கியது. இறங்கிய வேகத்தில் வாய் சறுக்கியது.

"அப்ப இந்தப் பிள்ளைக்கும் வலிப்புக் கிலிப்பு ஒண்டும் இல்லை?"

டொக்டர் விளங்காமல் பார்த்தார். தர்சினி விளங்கிப் பார்த்தாள். பிடித்திருந்த சேலையை மெதுவாக விட்டாள்.

இருவரும் வெளியே வந்து வாங்கில் இருந்தார்கள். பிறகு தர்சினி நேரே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமி, நீங்கள் உங்கடை காலுக்கு வரேல்லை. என்ன?"

"இல்லை."

"என்னைப் பாக்கத்தான் வந்தனீங்கள்."

"ஓம்."

"ரெண்டு நாளா நீங்கள் போன் எடுக்கேல்லை. அண்டைக்கு உங்கடை மச்சாளை இஞ்சை கண்டோடனையே நினைச்சன், எல்லாம் முடிஞ்சுதெண்டு." அவள் குரல் உடைந்தது. "எனக்கு உங்கடை மகனைப் பிடிக்கும் மாமி. ஆனால் அந்த ரெண்டு நாளும் நான் அழுதது உங்களை நினைச்சு."

பூரணத்துக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சலூன்காரர் பார்க்கிறாரே, பொலிஸ்காரர் பார்க்கிறாரே என்ற எண்ணமெல்லாம் பறந்துபோனது. பிள்ளையின் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்தாள்.

"நான் ஒரு விசர் மனிசி. எனக்குத்தான் மூளை நரம்பு டொக்டர் வேணும். செவ்வாய்க்கிழமை வந்து காட்டுறன்."

தர்சினி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இப்ப சொல்லுறன், பொய்யில்லை" என்றாள் பூரணம். "இப்ப நான் என்ரை காலுக்குத்தான் வந்தனான். உமக்குச் செய்யிற அண்டைக்கு நான் வந்து நிக்கிறன். எனக்குச் செய்யிற அண்டைக்கு நீர் வாரும்."

அப்படியே நடந்தது. அடுத்த சனிக்கிழமை தர்சினிக்கு. அதற்கடுத்த சனிக்கிழமை பூரணத்தின் வலது காலுக்கு, அதுதான் இரண்டிலும் மோசம். மேசையில் படுத்திருந்தபோது ஊசி சுருக்கென்று குத்தியது. தொடை வழியே குளிர்ந்த தண்ணீர் ஏறுகிற மாதிரி இருந்தது. பிறகு எங்கோ உள்ளே மெல்லிய ஒரு சூடு. டொக்டர் கொழும்பு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "முடிஞ்சுது, எழும்பி நடவுங்கோ" என்றபோது பூரணத்துக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்கா இத்தனை காலம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் தேய்த்தோம்?

உண்மையான வில்லங்கம் பிறகு போடக் கொடுத்த மேசுதான். தோல் நிறத்தில் தொடைவரை வரும் இறுக்கமான நீட்டுக் காலுறை, கொஞ்ச நாளைக்குப் பகலில் கழற்றாமல் போடவேண்டும். முதல்முறை தர்சினி காலடியில் இருந்து இழுத்தாள், பூரணம் மேலிருந்து இழுத்தாள், மேசு நடுவில் நின்று இருவரையும் பார்த்தது. ஒரு மூடை மாவைச் சீனிப் பைக்குள் ஏற்றுவதும் இதுவும் ஒன்றுதான் என்று பூரணம் சொல்ல, தர்சினி சிரித்துச் சிரித்துக் கையை விட்டுவிட்டாள். மேசு திரும்பவும் கணுக்காலுக்கு வந்து சேர்ந்தது.

சிவமலருக்கு இந்தப் போக்குவரத்தெல்லாம் யார் மூலமோ எட்டியிருந்தது. எட்டியது முழுதாக எட்டவில்லை. அதுதான் வினை.

பொன்னுருக்கு நாள். கூடத்தில் நிறைகுடம் வைத்து, பொன்வேலை ஆசாரியார் உமியும் கரியும் போட்டுச் சட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார். வழக்கப்படி பெண் வரவில்லை. பெண்ணின் தாயும் தகப்பனும் வந்து பாயில் இருந்தார்கள். மயூரதன் பட்டுவேட்டியோடு விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரப் பெண்கள் குத்துவிளக்கைச் சுற்றி நிறைந்திருந்தார்கள். சிவமலர் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இரகசியம் பேசுகிற பாவனை, கூடம் முழுவதும் கேட்கிற குரல்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பொன் சட்டியிலை விழமுன்னம் ஆராவது ஒருக்கால் கேக்கவேணுமெல்லே? பிள்ளைக்கு ஏதோ நரம்பு வருத்தமெண்டு ஊரிலை கதை கிடக்கு."

தர்சினியின் தாய் முகம் வெளிறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தகப்பன் எழும்பவா இருக்கவா என்று தெரியாமல் ஒரு கையை நிலத்தில் ஊன்றினார். சண்முகநாதன் இருமினார். மயூரதன் வாயைத் திறந்தான். அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்தால் நல்ல நேரம் போய்விடும் என்று பூரணத்துக்குத் தெரியும்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் பெரிதாக வந்தது. இந்த ஒரு சொல்லை இப்போது இங்கே பிடித்து நிறுத்தாவிட்டால், கல்யாணம் நடந்தாலும் இது அந்தப் பிள்ளையின் பின்னாலேயே திரியும். பிறக்கப்போகிற பிள்ளைகள் இருமினாலும் நரம்பு என்பார்கள்.

பூரணம் கூடத்தின் நடுவுக்கு வந்தாள்.

"கதை இல்லை சிவமலர், உண்மைதான். நரம்பு வருத்தம்தான். அவளுக்கு ஒரு காலிலை. எனக்கு ரெண்டு காலிலையும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, பட்டுச்சேலையின் கரையைப் பிடித்து முழங்கால்மட்டும் தூக்கினாள். குதிக்கால் மறையச் சேலை கட்டிய பூரணம், சம்பந்தி வீட்டார், ஆசாரியார், அக்கம்பக்கம் எல்லோருக்கும் முன்னால் தூக்கினாள். ஒரு காலில் மேசு. மற்றக் காலில் நீலமாகச் சுருண்ட கயிறுகள், கறுத்த தோல்.

"இதுதான் அந்த வருத்தம். வடிவாப் பாருங்கோ. நிண்டு நிண்டு உழைச்ச காலிலை ரத்தம் தேங்கி வாறது. தலைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவளுக்குச் சுட்டு மாத்தியாச்சு. எனக்கு ஒண்டு சுட்டாச்சு, மற்றது கல்யாணத்துக்குப் பிறகு. என்னை அந்த டொக்டரிட்டைப் பக்கத்திலை நிண்டு காட்டினதே அவள்தான். இன்னும் ஆருக்கும் சந்தேகமெண்டால் கிட்ட வந்து தொட்டுப் பாருங்கோ."

ஒருவரும் தொட வரவில்லை. தர்சினியின் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆசாரியார் தொண்டையைச் செருமினார். "அம்மா, நேரம் போகுது."

"போடுங்கோ" என்றாள் பூரணம்.

பொன் சட்டியில் விழுந்தது. ஊதுகுழலின் சத்தம் மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் பொன் இளகி, பிசிறில்லாமல் ஒரே உருண்டையாகத் திரண்டது. நல்ல அறிகுறி என்று ஆசாரியார் சொன்னார். பூரணம் அப்போதுதான் சேலையை விட்டாள்.

பிறகு குசினிக்குள் நடந்ததை ஆண்கள் ஒருவரும் அறியார்கள். பலகாரம் எடுக்க வந்த பெண்கள் பலகாரத்தை மறந்தார்கள். ஒருத்தி மெல்லச் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, "பூரணமக்கா, இதுவும் அதுதானோ?" என்று கேட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி உயர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அரியதரத் தட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கணுக்காலைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனபிறகு, கடைசியாகச் சிவமலர் வந்தாள். பாத்திரத்தைத் துடைப்பதுபோல நின்றுகொண்டு கேட்டாள்.

"மச்சாள், அந்த டொக்டர் இப்பவும் சனிக்கிழமையிலைதானோ வாறவர்?"

பூரணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். நாலு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. பிறகு சிவமலரின் வீங்கிய கணுக்காலைக் கண்டாள்.

"சனிக்கிழமைதான். வெள்ளனப் போம், கூட்டம்" என்றாள்.

பொன்னுருக்கிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. மாமியும் மருமகளும் போனில் பேசக்கூடாது என்று ஒரு சாத்திரத்திலும் இல்லை. பின்னேரம் பூரணம் காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, தானே தர்சினிக்குப் போன் எடுத்தாள். மறுபக்கம் முதல் மணியிலேயே கேட்டது.

"மாமி?"

"உருக்கியாச்சு."

"ஏதும் கதைச்சவையோ?"

"கதைச்சவை. நான் காலைக் காட்டிப்போட்டன்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்குமோ! அப்பாவும் இருந்தவரெல்லே?"

"உன்ரை அப்பா மட்டும் மரியாதையா மற்றப்பக்கம் திரும்பீட்டார். ஆசாரியார் நல்லாப் பாத்தவர்."

நீர், உமக்கு என்றே இதுவரை பேசிவந்த வாயில் "உன்ரை" என்று வந்துவிட்டதைச் சொன்ன பிறகுதான் பூரணம் கவனித்தாள். திருத்தவில்லை. அந்தப் பக்கத்தில் தர்சினி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகி, பூரணம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று. கூடத்தில் இருந்த சண்முகநாதனும் மயூரதனும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சிரி பிள்ளை, நல்லாச் சிரி" என்றாள் பூரணம். "இந்த ரெண்டுக்கும் கேக்கட்டும்."